பூனைக்கு எடுத்த வகுப்பு

ஐந்தாம் வகுப்பு அலமாரியில் குடியிருந்த சுண்டெலி அஞ்சலை, காட்டில் தொலைந்த யானைக்குட்டியைப் பற்றிய நாவலில் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பூனை அவள் வாலை மிதித்தது.

“அக்கா, குட்டிக்கு அம்மா கிடைச்சாளான்னு மட்டும் பார்த்துக்கறேனே!”

பூனைக்கும் ஆசை வந்துவிட்டது. “சத்தமா வாசிடி. கேட்டுட்டே உன்னைச் சாப்பிடறேன்.”

டீச்சர் கதை நடத்தும் விதம் அஞ்சலைக்கு அத்துப்படி.

“‘குட்டி பிளிறியது.’ பிளிறியதுன்னா என்ன, அக்கா? சொந்த வாக்கியத்தில் அமைங்க.”

“மேல வாசி!”

“பத்து தடவை சொல்லுங்க. அப்புறம்தான் அடுத்த வரி.”

மூன்றாவது வரியில் பூனை கொட்டாவி விட்டது. நான்காவதில், “ஐயோ, பசியே செத்துப்போச்சு!” என்று ஜன்னலேறிக் குதித்து ஓடியது.

அஞ்சலை ஒரு சொல்லுக்கும் அர்த்தம் பார்க்காமல் மீதியை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, விக்கி விக்கி அழுதாள். குட்டிக்கு அம்மா கிடைத்துவிட்டாள்.