பெர்த்தா குடித்த டீசல்

நெவில் கல்யாண ஆல்பத்தை ஒரு பையில் போட்டு, மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பிடித்தார். முள் இரண்டு கிலோவைத் தாண்டியது.

“இதையும் இங்கேயே விட்டுடலாம்,” என்றார்.

“முப்பத்தெட்டு வருஷக் கல்யாணம் உனக்கு ரெண்டு கிலோ பாரமா போச்சா?” ரோனா ஆல்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். “என்னையும் அந்தக் கொக்கியில மாட்டிப் பாரேன்!”

விவாகரத்தெல்லாம் ஒன்றுமில்லை. எல்லாம் மைலேஜ் படுத்தும் பாடு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் இருவரும் கேரவன் என்ற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றுகிறார்கள். இழுப்பது பெர்த்தா, முப்பத்திரண்டு வயதான ஃபோர் வீல் டிரைவ் வண்டி. கேரவனோடு போனால் நூறு கிலோமீட்டருக்கு இருபத்திரண்டு லிட்டர் டீசல் குடிக்கும். ஆனாலும் நெவில் தன் கையாலேயே இரண்டு தடவை எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய வண்டி, அதன்மேல் அவருக்கு உயிர்.

கேரவன்காரர்கள் எங்கே தங்கினாலும் மாலை ஐந்து மணிக்கு ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். பெண்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றி அளப்பார்கள், ஆண்கள் மைலேஜைப் பற்றி அளப்பார்கள். நேற்று ஒருவர் தன் புது வண்டி பன்னிரண்டுதான் குடிக்கிறது என்று பீற்றிக்கொள்ள, ரோனாவுக்குச் சுருக்கென்றது.

“நாளைக்கு செடூனா ஊருக்குப் போறதுக்குள்ள பெர்த்தா பதினெட்டுக்கு மேல குடிச்சா, அங்கேயே வித்துடுறோம்!” என்று அத்தனை பேர் முன்னாலும் அறிவித்துவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது அவர் பரம்பரையிலேயே கிடையாது.

காலையில் டாங்கை வழிய வழிய நிரப்பினார்கள். டீசல் காட்டும் முள் செத்து ஆறு வருஷமாகிறது. முந்நூறு கிலோமீட்டர் தாண்டி, செடூனாவில் மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் கணக்கு.

“கட்டிலுக்கு அடியில என்ன இருக்கு?” என்றார் நெவில், தராசோடு கேரவனுக்குள் ஏறி.

“தையல் மெஷின். தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். ஆல்பத்தை நான் மடியில வெச்சுக்கிறேன். அப்ப வண்டிக்கு என்ன பாரம்?”

நெவில் ஒரு நிமிடம் யோசித்தார். சரியாகத்தான் பட்டது.

டயரில் காற்றை ஏற்றி, ஏ.சி.யை அணைத்து, வியர்க்க விறுவிறுக்க எண்பதில் ஊர்ந்தார். பின்னால் வந்த கேரவன்கள் எல்லாம் முந்திப் போயின. “தாத்தா, போறியா, இல்ல நிறுத்தி வெச்சிருக்கியா?” என்று ஒரு லாரிக்காரன் வண்டி ரேடியோவில் கேட்டான்.

வழியில் இரண்டு தடவை ரோனா வண்டியை நிறுத்தச் சொன்னார். “கால் மரத்துப்போகும். ஒரு நடை நடந்துட்டு வா. டாக்டர் சொன்னாரில்ல?” பெண்டாட்டியின் அக்கறையில் உருகிப்போன நெவில், வெயிலில் வெகுதூரம் நடந்துவிட்டு வந்தார்.

செடூனாவுக்குப் பத்துக் கிலோமீட்டர் முன்னால், ரோனா டீ போடக் கேரவனுக்குள் போன நேரம் பார்த்து, நெவில் உதிரி டயருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த இருபது லிட்டர் கேனை எடுத்தார். சத்தமில்லாமல் டாங்கில் கவிழ்த்தார்.

முந்நூறு கிலோமீட்டருக்கு வழக்கமான அறுபத்தாறில் இருபது போனால், நூறுக்குப் பதினைந்து லிட்டர் சொச்சம். யாரும் நம்பக்கூடிய நல்ல பொய். மனசாட்சி உறுத்தத்தான் செய்தது. பெர்த்தாவை வேறு எவனோ ஓட்டிக்கொண்டு போவதை நினைத்தால் அதைவிட அதிகமாக உறுத்தியது.

செடூனா பங்க்கில் நேற்றைய நாற்காலி வட்டம் முழுவதும் முன்னாலேயே வந்து காத்திருந்தது. நெவில் பைப்பை டாங்கில் செருகினார். ஆறு லிட்டரில் டக்கென்று நின்றது.

மறுபடி அழுத்தினார். மறுபடியும் டக்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு,” என்றான் பங்க்காரன்.

“நூறுக்கு ரெண்டு லிட்டரா? கேரவனை இழுத்துக்கிட்டா?” கூட்டம் வாயைப் பிளந்தது. ஒருவர் மண்டியிட்டு பெர்த்தாவின் அடிவயிற்றை ஆராய்ந்தார். “என் பேத்தியோட ஸ்கூட்டரே மூணு குடிக்குமே!” என்றார் இன்னொருவர்.

புது வண்டிக்காரர் நெவிலின் தோளில் கை போட்டார். “என்ன விலை சொல்ற? என் வண்டியை எடுத்துக்கோ, மேல எவ்வளவு வேணுமோ கேளு. இப்பவே சாவியைக் குடு!”

பெர்த்தாவைக் காப்பாற்றப் போய் இப்போது அதுவே வினையாகிவிட்டது. நெவில் ரோனாவைக் கையைப் பிடித்துக் கேரவனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“ரோனா, என்னைத் திட்டு, அடி, என்ன வேணா செய். பெர்த்தாவை விட எனக்கு மனசு வரல. நீ டீ போடப் போனப்ப ஒரு கேன் டீசலை ஊத்திட்டேன். ஆனா அது வெறும் இருபது லிட்டர்தான். அப்பவும் கணக்கு உதைக்குதே! மிச்ச நாப்பது எங்கேர்ந்து வந்துச்சு?”

ரோனாவின் முகம் வெளுத்தது.

“அடக் கிறுக்கா, நீயுமா ஊத்துன?”