இறங்காதவர்

ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க் ஊர்க்காரர்கள் எதிர்க்கரை டென்மார்க்குக்குப் படகேறுவது அங்கே போவதற்காக அல்ல. இறங்காமலே போய்த் திரும்பி, இறால் ரொட்டி சாப்பிடுவதற்காக. குன்வோரும் கணவன் சிக்ஸ்டனும் அதிலும் பந்தயம் வைத்திருந்தார்கள்: முதலில் இறங்குபவர் தோற்றவர். ஊர் திரும்பியதும் எப்போதும் கைகோத்து இறங்கியதால் முடிவே வரவில்லை. சென்ற குளிர்காலத்தில் சிக்ஸ்டன் இறந்தார். அவர் சாம்பலை இந்தப் படகிலிருந்தே கடலில் கரைத்தார்கள்.

இன்று குன்வோர் தனியாக வந்து, பழக்கத்தில் இரண்டு ரொட்டி வாங்கிவிட்டாள். நடுக்கடலில் எதிர் நாற்காலி இழுபட்டது.

“எலுமிச்சையை மறந்துட்டியே,” என்றார் சிக்ஸ்டன். கோட்டிலிருந்து உப்புநீர் சொட்டியது.

“நீதான் செத்துட்டியே. அப்ப பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்.”

“செத்தேன். இறங்கினேனா?”

குன்வோர் யோசித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தபடி எலுமிச்சை வாங்க எழுந்தாள். ஊர்த் துறைமுகம் வந்தது. இருவரும் இறங்கவில்லை.