மகளின் கம்ப்யூட்டர்

“பொண்ணு போயி நாலு நாளாச்சு தம்பி. உயிரோட இருக்காளான்னு தெரிஞ்சாப் போதும்” என்று அழுதார் ராஜாங்கம்.

நெய்வேலி நகரியத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வளவன், அவர் மகள் சத்யப்பிரியாவின் கம்ப்யூட்டரில் அவளுடைய பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போக, மூன்றாம் முறையாகப் பென்டிரைவைச் செருகினான். அப்போதும் கம்ப்யூட்டர் அதிலிருந்து கிளம்பவில்லை.

“பென்டிரைவ்ல இருந்து ஓடாதபடி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்காங்க சார்.”

“வூட்ல அவ அம்மா சாப்பிடாம படுத்துக்கினு இருக்கா தம்பி.”

வளவனுக்கு மனம் தாங்கவில்லை. உள்ளே இருந்த சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டி, அந்தப் பூட்டை நீக்கினான். இப்போது பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டர் ஓடியது. கடலூரில் ஒரு வாடகை வீட்டுக்கான ஒப்பந்தம் அதில் இருந்தது. அருண்குமார், சத்யப்பிரியா என்று இரண்டு கையெழுத்துகள். கீழே அவளுடைய புது போன் நம்பர்.

முகவரியை எழுதிக்கொண்ட ராஜாங்கம், வளவனின் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு கடை வாசலுக்குப் போய் யாருக்கோ போன் செய்தார்.

“அட்ரஸ் கிடைச்சிடுச்சுடா. நாலு பேரக் கூட்டிக்கினு வா. ரெண்டு பேரையும் இன்னியோட முடிச்சிடணும்.”

அதைக் கேட்ட வளவன், ஒப்பந்தத்தில் இருந்த நம்பரைத் தன் போனில் அழுத்தினான். ஒரு பெண்குரல் கேட்டது.

“ஒங்கப்பாவுக்கு வூடு தெரிஞ்சுபோச்சும்மா. நான்தான் காட்டிக் குடுத்துட்டேன். ரெண்டு பேரும் இப்பவே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுங்க.”