எந்த விரல்?

முகுந்தனுக்குக் கட்டிலில் இருப்புக் கொள்ளவில்லை.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கிள்ளான் துறைமுகத்துக்கும் சுபாங் ஜெயாவுக்குமாக லோரி ஓட்டிய காலை மெத்தையில் நீட்டிப் போட்டால் அது எப்படிச் சும்மா இருக்கும்? வெளியே ஏதாவது லோரி கியர் மாற்றும் சத்தம் கேட்டால் போதும், போர்வைக்குள் அவன் வலது கால் பிரேக்கை மிதிக்கும்.

மிதிப்பதில் குறையில்லை. முதுகெலும்புக்குள் நசுங்கிக் கிடந்த நரம்பை அறுவை சிகிச்சையில் விடுவித்த டாக்டர், கால் அசையும், மரத்துப்போன பாதத்துக்கு உணர்ச்சி திரும்புமா என்பதுதான் சந்தேகம் என்றிருந்தார். பிரேக் எவ்வளவு அமுங்கியது என்று தெரியாத காலை நம்பி யார் சாவியைக் கொடுப்பார்கள்? முதலாளி ராஜன் நல்லவர், அதனால் நாளை வரை பொறுத்திருக்கிறார். நாளை டாக்டர் சோதித்துச் சரி என்றால் வண்டி அவனுக்கு. இல்லையென்றால் வேறு டிரைவருக்கு.

அதற்குத்தான் வீட்டில் இந்தப் பரீட்சை. மருத்துவமனை நர்ஸ் மிஸ்ஸி சொல்லிக்கொடுத்தது. அவன் அலமாரிப் பக்கம் முகம் வைத்து ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மனைவி மலர்விழி கால்மாட்டில் உட்கார்ந்து பஞ்சால் ஒரு விரலைத் தொடுவாள். எந்த விரல் என்று அவன் சொல்ல வேண்டும்.

இந்த வாரம் முழுக்க அவன் ஒரு விரலைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

மலர்விழிக்குத் தலைகால் புரியவில்லை. செந்தூலில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பாசாரில் மீன்காரரிடம்கூடச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் சொல்லச் சொல்ல அவனுக்கே அது நிஜம்போல ஆகியிருந்தது.

இன்று மாலை அலமாரிக் கண்ணாடியின் மேல் துண்டு ஒன்று தொங்கியது.

வெளியே காயப் போடச் சொன்னான். மழை வருகிறது என்றாள். நாற்காலியில் போடலாமே என்றான். அவள் துண்டின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். தலையணையை மாற்றிக்கொண்டான். தண்ணீர் கேட்டான், வந்ததைக் குடிக்காமல் வைத்தான். ஒரு துண்டுக்காக அவள்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. டாக்டர் அறையில் கண்ணாடி இருந்ததா என்று யோசித்துப் பார்த்தான். நினைவில்லை.

"கண்ண மூடுங்க," என்றாள் மலர்விழி.

மூடினான். எப்போதும்போல இமைகளுக்கு நடுவே நூலளவு இடம் விட்டுத்தான் மூடினான். மற்ற நாட்களில் அந்த இடைவெளியில் கண்ணாடியும், அதற்குள் தன் பாதமும், பஞ்சு தொடும் விரலும் தெரியும்.

இன்று துண்டின் நீலக் கோடுகள் தெரிந்தன.

மனத்தால் காலைத் தேடிப் பார்த்தான். கணுக்கால் வரைக்கும் போக முடிந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இன்னும் தாமதித்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தான்.

"சுண்டு விரல்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"நான் இன்னும் பஞ்சையே எடுக்கலங்க."

முதுகு வலிக்க வலிக்கத் திரும்பிப் பார்த்தான். பஞ்சுப் பொட்டலம் மேசைமேல் பிரிக்காமல் இருந்தது. மலர்விழி அவன் வலது பாதத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எப்போதிலிருந்து என்று அவனுக்குத் தெரியவில்லை.