அப்பா நல்லா தூங்குறாரா?

மேஜை மேல் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. முதுமையில் குடும்ப உறவுகள் எப்படி இருக்கின்றன என்று ஆராயும் பேராசிரியை அதைப் பெரியவருக்கு முன்னால்தான் வைத்தார். இப்போது அது மகனின் முழங்கைப் பக்கம் நகர்ந்திருக்கிறது. "அப்பா நல்லா தூங்குறாரா?" என்று பேராசிரியை மகனைப் பார்த்துக் கேட்கிறார். "படுத்தா காலையிலதான் மேடம்." காலமெல்லாம் ரயில் ஓட்டிய பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குத்துக்கல்லாட்டம் எதிரே ஒருவன் உட்கார்ந்திருக்க, மாட்டைப் பற்றி மாட்டுக்காரனிடம் கேட்கிற மாதிரி இது என்ன விசாரணை? "அது வந்தும்மா..." என்று வாயைத் திறக்கிறார். "நீங்க சும்மா இருங்கப்பா, நான் சொல்றேன்" என்று மகன் அவர் முழங்காலைத் தட்டிக்கொடுக்கிறான். சமையலறையில் மருமகள் பாத்திரம் கழுவும் சத்தம் விடாமல் கேட்கிறது. "அவருக்குக் கோபம் வருமா?" என்கிறார் பேராசிரியை. "சேச்சே! அப்பா பச்சப்புள்ள மாதிரி." பெரியவரின் கை நீள்கிறது, ரெக்கார்டரை வெடுக்கென்று இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். மகனை மோவாயால் காட்டுகிறார். "இவன் தூங்குறானான்னு என்னைக் கேளுங்கம்மா. எங்க தூங்குறான்? விடியிற வரைக்கும் இந்த வீட்டையே அளந்துக்கிட்டிருக்கான். கட்டினவகிட்ட முகம் பார்த்துப் பேசி மாசக்கணக்காச்சு." உள்ளே குழாய்ச் சத்தம் நிற்கிறது. "அப்பா..." என்று மகன் எழப் பார்க்கிறான். பெரியவர் அவன் முழங்காலை மெல்லத் தட்டிக்கொடுக்கிறார். "நீ சும்மா இருப்பா, நான் சொல்றேன்."