புட்டிக் கழுத்தில் முடிச்சுகள்

ஆய்வக ஜன்னலோரக் காலை வெயிலில் ஆறு புட்டிகள் நிற்கின்றன. ஏரியின் ஆறு இடங்களில் அள்ளிய நீர்ப்பூச்சிகள் ஆல்கஹாலில் மிதக்கின்றன. எது எந்த இடம் என்று எழுதிப் போட்ட சீட்டுகளும் மிதக்கின்றன, ஆனால் அவற்றில் ஓர் எழுத்துகூட இல்லை. பென்சிலால் எழுத வேண்டியதை மாணவி பேனாவால் எழுதிவிட்டாள். மை கரைந்து ஆறும் ஒரே வெளிர்நீலம். எத்தனையோ பேர் கேட்டும் அவளுக்கு மட்டும் கிடைத்த விடுமுறை ஆராய்ச்சி, கண்ணெதிரே கரைந்து நிற்கிறது. அவள் படகில் விட்டுப்போன தொப்பியைக் கொடுக்க வந்த படகோட்டி அக்கா எட்டிப் பார்க்கிறாள். "எதுக்குடி மொகம் தொங்கிப் போச்சு? கழுத்தப் பாரு." ஒவ்வொரு புட்டியின் கழுத்திலும் தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு, முதல் இடத்துக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு, அப்படியே ஆறு வரை. "நீ பேனா எடுத்தப்பவே எனக்குப் பக்குன்னுச்சு, அதான் முடிச்சுப் போட்டு வெச்சேன். போன வருசம் வந்த பொண்ணும் இப்படிப் பேனால எழுதிட்டுத்தான் அழுதுச்சு."

"சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொன்னேனே! நீ தும்பியப் பாத்து வாயப் பொளந்துட்டு நின்ன."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன. மாணவி முடிச்சுகளை விரலால் தடவி எண்ணுகிறாள். புதுச் சீட்டில், 'சேகரித்தவர்' என்ற இடத்தில், அக்காவின் பெயரை முதலில் எழுதி, அதன்கீழ் தன் பெயரை எழுதுகிறாள். பென்சிலால்.