அட்டையில் இல்லாத பெயர்

அந்தக் காய்ச்சல் மருந்து தண்ணீரில் கரையாது. புளிப்பு அமிலமோ உடனே கரைந்துவிடும். இரண்டும் ஒரே படிகமானால் மருந்தும் கரையும் என்று, ஆய்வகத்தில் இரண்டையும் சூடான ஆல்கஹாலில் கலந்தார்கள்.

குடுவை ஆறத் தொடங்கியதும் மருந்து அமிலத்தை உதறிவிட்டுத் தன் இனத்தோடு போய் ஒட்டிக்கொண்டு தனிப் படிகமானது. ஆறு முறையும் இதே கதைதான்.

"என்னோடு சேர்ந்தால் உன் கௌரவம் குறைந்துவிடுமா?" என்று அமிலம் பொங்கியது.

"நான் மருந்து. நீ யார்?" என்றது அது.

ஏழாம் முறை மணிக்கு ஒரு டிகிரியாக மெல்ல ஆறவிட்டார்கள். அவசரமாக ஓட வழியில்லாமல் மருந்து அமிலத்தோடு சேர்ந்து படிகமானது. பிறகு மாத்திரையும் ஆனது. அட்டையில் மருந்தின் பெயரை மட்டும் அச்சடித்தார்கள்.

அமிலத்துக்கு வயிறு எரிந்தது. "தண்ணீர் படட்டும், உன்னை அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன்" என்றது.

காய்ச்சலில் கிடந்த ஒரு பெண் அந்த மாத்திரையை விழுங்கினாள். ஈரம் பட்டதும் மருந்து கெஞ்சியது. "விட்டுவிடாதே, நான் மறுபடி கரையாத கல்லாகிவிடுவேன்."

அவள் உடம்பு அனலாய்க் கொதிப்பதை அமிலம் உணர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மருந்தையும் இழுத்துக்கொண்டு கரைந்தது.

"உனக்காக இல்லை, இவளுக்காக" என்றது. "உன் மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது."